பழைய போர்தோ ஒயினில் வண்டல்: கெட்டுவிட்டதா?

1996 போயாக் (பிரான்சின் போர்தோ பகுதிச் சிவப்பு ஒயின்) பாட்டிலின் அடியில் கறுப்பாக ஏதோ படிந்திருக்கிறதே, கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். பயப்படாதீர்கள், அது வண்டல். டானினும் (ஒயினின் துவர்ப்புப் பொருள்) நிறமும் வருடக்கணக்கில் ஒன்றுசேர்ந்து அடியில் தங்கியது.

திறப்பதற்கு இரண்டு நாள் முன்பே, வண்டல் அடியில் இறங்க, பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். பழைய கார்க், திருகினால் பொடிந்துவிடும் (எனக்கு ஒருமுறை பாதி உள்ளேயே விழுந்தது!). கார்க்கின் இரு பக்கமும் நுழையும் இரண்டு தகடு உள்ள திறப்பான் நல்லது. பாட்டில் கழுத்துக்குப் பின்னால் டார்ச் வைத்துக்கொண்டு, நிறுத்தாமல் மெதுவாக டிகேன்டரில் (ஒயினை மாற்றி ஊற்றும் கண்ணாடிக் குடுவை) ஊற்றுங்கள். கழுத்தில் புகைபோல வண்டல் ஓடிவந்ததும் போதும், மிச்சத்தை விட்டுவிடுங்கள். பரிமாற 17 டிகிரி. மணிக்கணக்கில் காற்றாட விடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். இந்த வயதில் வாசனை சீக்கிரம் பறந்துவிடும். கிளாஸைச் சாய்த்தால் ஓரம் செங்கல் நிறம், மூக்கில் சிடார் மரம், புகையிலை வாசனை என்றால் பாட்டில் நன்றாகவே இருக்கிறது.