நண்பர்கள் முன்னால் முதல் முறையாகக் கரோக்கே பாடப் போகிறேன். சொதப்பாமல் இருக்க எப்படித் தயாராவது?

முதல் முறை பாடுபவர்கள் பெரும்பாலும் சொதப்புவது குரலால் அல்ல, சுருதியால். கரோக்கே டிராக், அதாவது பாடகர் குரல் இல்லாத பின்னணி இசை, வழக்கமாக அசல் பாடகரின் சுருதியிலேயே இருக்கும். பல்லவி சுகமாகப் போகும், சரணத்தில் மேலே ஏறும் இடத்தில் தொண்டை இறுகிவிடும். அதனால் பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் சோதிக்க வேண்டியது சரணத்தின் உச்ச வரியை. நின்றுகொண்டு, முழுக் குரலில், அதை மூன்று முறை தொடர்ந்து பாடுங்கள். மூன்றாவது முறையும் கத்தாமல் வந்தால் அந்தப் பாட்டை எடுக்கலாம். முணுமுணுத்துப் பார்ப்பது கணக்கில் சேராது. முணுமுணுப்பில் எல்லாருக்கும் எல்லாமே எட்டும்!

எட்டவில்லை என்றால் பாட்டை விட வேண்டாம், சுருதியை இறக்குங்கள். பல ஆப்களிலும் மெஷின்களிலும் 'கீ' என்று ஒரு பட்டன் உண்டு. ஒரு முறை அழுத்தினால் சுருதி ஒரு படி, அதாவது அரைக்கட்டை, மாறும். 12 முறை அழுத்தினால் ஒரு ஸ்தாயி, அதாவது ஒரு 'ஸ'விலிருந்து அடுத்த 'ஸ' வரை. பெரும்பாலும் இரண்டு மூன்று படி இறக்கினாலே போதும். அதிகம் இறக்கினால் பல்லவியின் கீழ் ஸ்வரங்கள் வெறும் காற்றாகிவிடும். ஆண் குரல் பாட்டைப் பெண் பாடினாலோ, பெண் குரல் பாட்டை ஆண் பாடினாலோ நான்கைந்து படி மாற்ற வேண்டிவரலாம். உங்களுக்குச் சரிவந்த எண்ணைப் போனில் குறித்து வையுங்கள், அங்கே போய்த் தேட நேரம் இருக்காது.

அசல் பாட்டோடு சேர்ந்து பாடிப் பழகுவது ஏமாற்று வேலை. பாடகரின் குரல் உங்களைத் தாங்கிக்கொண்டே போகும். குரல் இல்லாத டிராக்கோடு பழகினால்தான் இடையிசை முடிந்து எங்கே நுழைவது என்று பிடிபடும். திரையில் எழுத்து நிறம் மாறிய பிறகு வாய் திறந்தால் தாமதம்தான், அதற்கு முன்பே மூச்சு எடுத்திருக்க வேண்டும்.

மைக்கை வாயிலிருந்து இரண்டு மூன்று விரல் தள்ளிப் பிடியுங்கள், உச்ச வரியில் மட்டும் இன்னும் கொஞ்சம் தள்ளுங்கள். வலைப் பகுதியைக் கையால் பொத்தாதீர்கள். பொத்தினால் மைக் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஒலி வாங்கும் தன்மையை இழந்து, ஸ்பீக்கர் சத்தத்தையும் இழுத்துக் கீச்சென்று கத்தும். ஸ்பீக்கரை நோக்கி நீட்டினாலும் அதே கதைதான். எக்கோவைக் குறைவாக வையுங்கள், கூட்டினால் உங்கள் சுருதி உங்களுக்கே கேட்காது.

போனில் பாடி புளூடூத் ஸ்பீக்கரில் கேட்பதாக இருந்தால் கவனம். குரல் சற்றுத் தாமதமாகத் திரும்பி வந்து தாளத்தைக் குலைக்கும். வயர் இருந்தால் வயரிலேயே இணையுங்கள்.

வரி தவறினால் துரத்திப் பிடிக்காதீர்கள். விட்டுவிட்டு அடுத்த வரியின் தொடக்கத்தில் சேர்ந்துகொள்ளுங்கள். அந்த இடைவெளியை உங்கள் நண்பர்களே பாடி நிரப்பிவிடுவார்கள், அவர்களுக்குத் தெரிந்த பாட்டாக எடுத்திருந்தால்.