உடலுக்குள் இருக்கும் திரவத்தின் பாகுநிலையை, அதாவது ஓடுவதற்கு அது காட்டும் தடையை, காந்த நானோதுகள்களைக் கொண்டு அளக்க முடியுமா? குறிப்பாக, இரத்தத்தின் பாகுநிலையை?

அளக்க முடியும். ஆனால் துகள் திரவத்துக்குள் முழுதாகச் சுழல வேண்டும். சுழலாத துகளுக்குத் தன்னைச் சூழ்ந்திருப்பது நீரா தேனா என்பதே தெரியாது. முதுகலை ஆய்வுக்காக இந்த அளவீட்டில் சில மாதங்கள் ஈடுபட்டபோது, இதை நான் பட்டே தெரிந்துகொண்டேன்.

இதற்கு அடிப்படையான காந்தத் துகள் படிமமாக்கலை, ஹாம்பர்க் நகரின் பிலிப்ஸ் ஆய்வகத்தில் பணியாற்றிய பெர்ன்ஹார்ட் கிளைச், யூர்கன் வைட்செனெக்கர் ஆகிய இருவரும் 2005-இல் அறிவித்தனர். எம்.ஆர்.ஐ. கருவி உடலிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களைக் கேட்கிறது என்றால், இம்முறை செலுத்தப்பட்ட இரும்பு ஆக்சைடு துகள்களை மட்டுமே கேட்கிறது. ஏறத்தாழ 25 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட மாறுதிசைக் காந்தப்புலத்தில் அத்துகள்களின் காந்தமாக்கல் ஓரளவுக்கு மேல் கூடாமல் தெவிட்டிவிடுவதால், அவை திருப்பித் தரும் குறிப்பலையில் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு அதிர்வெண்களும் கலந்து வருகின்றன.

புலம் திசை மாறும்போது துகள் அதற்கு இரண்டு வழிகளில் இணங்கலாம். இந்த இணங்கலையே தளர்வு என்கிறோம். துகள் அசையாமல் நிற்க, அதன் உள்ளிருக்கும் காந்தத்திருப்புத்திறன் (காந்தத்தின் வலிமையும் திசையும்) மட்டும் புரள்வது நீல் தளர்வு. துகளே திரும்புவது பிரௌனியத் தளர்வு. பிரௌனியத் தளர்வுக்கு ஆகும் நேரம், பாகுநிலைக்கும் மேற்பூச்சையும் சேர்த்த துகளின் கன அளவுக்கும் நேர்விகிதத்திலும், வெப்பநிலைக்கு எதிர்விகிதத்திலும் இருக்கிறது. 50 நானோமீட்டர் விட்டமுள்ள துகளுக்கு, 20 பாகை செல்சியஸ் நீரில், வலுக்குறைந்த புலத்தில், அது சுமார் 50 மைக்ரோவினாடி. 25 கிலோஹெர்ட்ஸ் புலத்தின் ஒரு சுற்றுக்கு 40 மைக்ரோவினாடி ஆகும். இவ்விரண்டும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால்தான் பாகுநிலையின் சிறு மாற்றமும் குறிப்பலையில் பதிகிறது. அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியைச் சேர்ந்த ஜான் வீவரின் குழுவினர் குறிப்பலையில் ஐந்து மடங்கு அதிர்வெண்ணின் வலிமைக்கும் மூன்று மடங்கு அதிர்வெண்ணின் வலிமைக்கும் உள்ள விகிதத்தை எடுத்துக்கொண்டனர். துகள்கள் எத்தனை என்பது அந்த விகிதத்தில் நீங்கிவிடுவது மிக அழகான யோசனை என்றே இன்றும் கருதுகிறேன்.

நான் முதலில் வாங்கிய துகள்களை நீரிலும், எடையில் 60 விழுக்காடு கிளிசரால் கலந்த நீரிலும் இட்டு அளந்தேன். இரண்டாவது திரவத்தின் பாகுநிலை பத்து மடங்குக்கும் மேல். இருந்தும் விகிதம் மாறவே இல்லை. கருவியைச் சந்தேகித்துப் பல வாரங்களைச் செலவிட்ட பிறகே, துகள்களின் காந்தக் கரு மிகச் சிறியதாக இருந்ததால் நீல் தளர்வே முந்திக்கொண்டது என்று புரிந்தது. கரு பெரிதான துகள்களுக்கு மாறியதும் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. இரத்தத்தில் புரதங்கள் ஒட்டித் துகளின் விட்டம் கால்பங்கு கூடினாலே கன அளவு ஏறத்தாழ இரட்டித்துவிடும். அது பாகுநிலை இரட்டித்ததைப் போலவே தோன்றும். வெப்பநிலையும் இதே சூத்திரத்தில் இருப்பதால், தளர்வு நேரம் ஒன்றை மட்டும் கொண்டு இம்மூன்றையும் பிரித்தறிய இயலாது.

இரத்தத்தைப் பற்றிய உங்கள் கேள்விக்கு என் விடை இதுதான்: சிவப்பணுவின் விட்டம் ஏறத்தாழ 8 மைக்ரோமீட்டர், அதனோடு ஒப்பிட்டால் துகள் மிகமிகச் சிறியது. ஆகவே அது உணர்வது அணுக்களுக்கு இடையிலுள்ள பிளாஸ்மாவின் பாகுநிலையையே, முழு இரத்தத்தின் பாகுநிலையை அன்று. உறைந்த இரத்தக்கட்டியில் துகள் சிக்கிக்கொண்டதா, தடையின்றிச் சுழல்கிறதா என்று பிரித்தறிவதற்கே இம்முறை கூடுதலாகப் பொருந்தும்.