தோப்புக்கு முன்னால் செயற்கைப் பவளப்பாறை போடலாமா?

கேள்வி: வேம்பாருக்கு வடக்கே கடலை ஒட்டி எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. கரை அரித்து முன்வரிசை மரங்கள் சாய்ந்துவிட்டன. தூத்துக்குடி பக்கம் வான் தீவில் அரசாங்கம் போட்டதுபோல கான்கிரீட் பவளப்பாறைகளைக் கடலில் இறக்கித் தருவதாக ஒரு கான்ட்ராக்டர் சொல்கிறார். அனுமதியையும் அவரே பார்த்துக்கொள்வாராம். கரையில் சுவர் கட்ட, பழைய வீடு இடித்த முருகைக்கல் (கடல் பவளத்தை வெட்டிய கல்) மலிவாகக் கிடைக்கும் என்கிறார். அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். செய்யலாமா?

பதில்: வேண்டாம். மீதிப் பணத்தை நிறுத்தி வையுங்கள்.

செயற்கைப் பவளப்பாறை என்று இரண்டு விதமான பொருளைக் காட்டுவார்கள். ஒன்று, மீன் அடைவதற்காகக் கரையிலிருந்து தள்ளி ஆழத்தில் இறக்குவது. கலவாயும் செப்பிலியும் வந்து சேரும், தூண்டில்காரருக்கு லாபம். ஆனால் அலை அதன் தலைக்கு மேலே போய்விடும், உங்கள் கரைக்கு ஒன்றும் ஆகாது. இன்னொன்று அலையை உடைப்பதற்கென்றே போடுவது. வான் தீவில் போட்டது இந்த இரண்டாவது வகை. அங்கே சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வருடக்கணக்காகப் பவளத்தை வெட்டி எடுத்ததில் தடுப்பு போய்விட்டது; 1986-ல் 16 ஹெக்டேர் இருந்த தீவு 2014-ல் 2 ஹெக்டேராகிவிட்டது. அதைக் காப்பாற்ற அலைக் கணக்குப் போட்டு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட துளையிட்ட கான்கிரீட் கட்டைகளை இறக்க வேண்டியிருந்தது. உங்கள் ஆள் எத்தனை சொல்கிறார், முப்பதா நாற்பதா? இந்த வியாபாரத்தில் போட்டோவில் காட்டுவது மீன் வீடு, ரசீதில் எழுதுவது அலைத்தடுப்பு.

பார், அதாவது பவளப்பாறைத் திட்டு, கடலுக்குள் கிடக்கும் வேகத்தடை. பல நாடுகளின் பவளப்பார்களை வைத்து 2014-ல் வந்த ஓர் ஆய்வு, அலையின் ஆற்றலில் சராசரியாக 97 சதவீதம் அங்கேயே அடங்கிவிடுகிறது என்றது. அதில் பெரும்பங்கு பாரின் மேல்விளிம்பில் நடக்கிறது. அதனால் மேல்விளிம்பு நீர்மட்டத்துக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது, எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் என்பதில்தான் விஷயம். ஒரு தோப்புக்கு எதிரே மட்டும் கொஞ்சம் கட்டைகளைப் போட்டால் அலை இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு வரும். கட்டைக்கு அடியில் மணல் பறிந்து, நாளடைவில் அதுவே புதைந்துவிடும். புதுச்சேரியில் கடற்கரை திரும்ப வந்ததைப் பார்த்திருப்பீர்கள். தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் அங்கே நீருக்கடியில் வைத்த ஆப்பு வடிவ இரும்புத் தடுப்பு மட்டுமே சுமார் 900 டன். தனி ஆள் செலவில் முடிகிற காரியமில்லை.

அடுத்தது முருகைக்கல். 2001-லிருந்து பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. "செத்த கல்தானே சார்" என்பார்கள். புலி செத்தால் தோலை விற்கலாமா? மாட்டினால் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. விற்றவன் அந்த நேரம் போனை எடுக்க மாட்டான்.

பழைய வீட்டுக் கல் என்பதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் இதையே பலர் கேட்கிறார்கள். தாத்தா காலத்தில் முருகைக்கல்லில் கட்டிய வீட்டில் நீங்கள் குடியிருப்பதை யாரும் கேட்கப்போவதில்லை. சிக்கல், கல் வாசலைத் தாண்டி லாரியில் ஏறும்போது. நேற்று கடலில் உடைத்த கல்லையும் சுண்ணாம்புப் பூச்சு ஒட்டிய கல்லோடு கலந்து ஏற்றிவிடலாம், சோதனைச் சாவடியில் நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். சொந்த வீட்டை இடிக்கிறவர்கள்கூட, இடிப்பதற்கு முன் சுவரோடு படம் எடுத்து, வனச்சரக அலுவலருக்கு எழுத்தில் தெரிவித்து, கையெழுத்திட்ட நகலை வாங்கி வைத்துக்கொண்டு, அப்புறம் கடப்பாரையைத் தொடுவது நல்லது. உங்கள் விஷயத்தில் அது அடுத்தவர் வீட்டுக் கல். தொடவே வேண்டாம்.

"அனுமதி நான் பார்த்துக்கிறேன்" என்பது இன்னும் பெரிய பொய். உங்கள் பக்கத்துத் தீவுகளும் அவற்றைச் சுற்றிய பார்களும் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் வருகின்றன. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளில் பவளப்பார் இருக்கும் இடம் உச்சக் கட்டுப்பாட்டுப் பிரிவு. அங்கே கடலுக்குள் கட்டுமானம் செய்ய ஆவணமே வேண்டும், ஆளைத் தெரியும் என்பது போதாது. நேர்மையாக விண்ணப்பிக்கிறவனை இந்த அலுவலகங்கள் படுத்துகிற பாடும் கொஞ்சமல்ல. ஒரு மேசை வருவாய்த் துறைக்கு அனுப்பும், அது வனத்துறைக்கு, அது திரும்ப மாவட்டத்துக்கு. வரைபடத்தில் சர்வே எண்ணைத் தேடினால் கண் வலிதான் மிச்சம். இடைத்தரகர்களை வளர்த்துவிடுவதே இந்த அலைக்கழிப்புதான்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? கடலிலிருந்து விலகி, அசையாத ஒரு பனையையோ கிணற்றுச் சுவரையோ அடையாளம் வைத்து, அங்கிருந்து மணல் விளிம்புவரை மாதம் ஒருமுறை அளந்து, தேதியோடு படம் எடுங்கள். ஒரு பருவக்காற்றில் போன மணல் அடுத்ததில் திரும்புவதும் உண்டு. ஒரு முழு வருடம் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது. மணல்மேட்டில் அடம்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் இருந்தால் வெட்டாதீர்கள், இல்லையென்றால் கொண்டுவந்து நடுங்கள். கரையில் ஒதுங்கும் கடல்தாழையை (கடல்புல்) குப்பை என்று அள்ளவேண்டாம், மணலைப் பிடித்து வைப்பது அது. தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டும் கல் தடுப்பு) கேட்டுப் பக்கத்து ஊர்க்காரர்கள் கையெழுத்து வாங்க வந்தால் யோசித்துப் போடுங்கள். ஓரிடத்தில் மணலைத் தடுத்தால் அடுத்த இடத்தில் அரிப்பு வரும், அந்த அடுத்த இடம் உங்கள் தோப்பாக இருக்கலாம். அளவுகள் கையில் இருந்தால் ஊராட்சித் தீர்மானத்தோடு ஆட்சியரிடம் சேர்ந்து போங்கள். தனியாகப் போனால் மனு அடுக்கில் அடியில் போய்விடும்.

அட்வான்ஸ் விஷயம்: அனுமதி ஆணையின் நகலைக் குறிப்பிட்ட தேதிக்குள் காட்டு, இல்லையேல் பணத்தைத் திருப்பு என்று பதிவு வசதியோடு விரைவுத் தபாலில் எழுதுங்கள், சேர்ந்ததற்கான சான்றோடு. போனில் பேசாதீர்கள்.