போத்தலில் வளரும் கலங்களும் உங்கள் மகளும்: விசுவமடுவிலிருந்து வந்த ஒரு தகப்பனுக்கு

அன்புள்ள அண்ணைக்கு,

பஸ் ஏறி வந்து, மகளின் உயர்தரப் பெறுபேற்றுத் தாளை என் மேசையில் வைத்துவிட்டு, நீங்கள் முதலில் கேட்டது பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியைப் பற்றி அல்ல. "கான்சர் கலத்தைப் போத்தலுக்க வளர்க்கிற வேலையாம். பிள்ளைக்குத் தொத்தாதோ?" என்றீர்கள். அந்த வேலைக்குத்தான் படிக்க வேண்டும் என்கிற பிள்ளை, பக்கத்தில் இருந்து தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே ஆட்கள் காத்திருந்ததால் அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதுதான் ஆறுதலாக எழுதுகிறேன்.

தொத்தாது அண்ணை. புற்றுநோய் தடிமனைப் போல மூச்சுக்காற்றில் பரவுவதில்லை. இன்னொருவரின் கலம் எங்கள் உடம்புக்குள் போனாலும், எங்கள் நிர்ப்பீடனம், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தி, அதை அந்நியம் என்று கண்டு அழித்துவிடும். சிறுநீரகம் மாற்றியவர்கள் தொடர்ந்து மருந்து குடிப்பது உடம்பின் இந்தக் குணத்தை அடக்கி வைக்கத்தான். ஒன்றை மட்டும் மறைக்க விரும்பவில்லை. ஆய்வுகூட ஊழியர் ஒருவரின் கையில் ஊசி குத்தி, அந்த இடத்தில் குடற்புற்றுக் கலங்கள் சிறு கட்டியாக வளர்ந்ததாக 1986இல் ஒரு மருத்துவ சஞ்சிகையில் பதிவானது. மிக மிக அரிது. ஆனாலும் அதனால்தான் இந்த வேலையில் கூரான ஊசியை இயன்றவரை தொடமாட்டார்கள். உண்மையில் கவனிக்க வேண்டியது மனித மாதிரிகளில் ஒளிந்திருக்கக்கூடிய வைரசுகளை. அதற்குக் கையுறை, மேலங்கி, காற்றை வடிகட்டும் பாதுகாப்புப் பெட்டி, ஈரல் அழற்சி 'பி' தடுப்பூசி எல்லாம் இருக்கின்றன.

இனி அந்த வேலை எப்படியிருக்கும் என்று சொல்கிறேன். உள்ளங்கைக்குள் அடங்கும் தட்டையான பிளாஸ்டிக் போத்தல். அதன் அடியில் மெல்லிதாகச் சிவப்புத் திரவம். அதில் சீனி, உப்பு, அமினோ அமிலங்கள், விற்றமின்கள், பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் மாட்டுக் கன்றின் இரத்தத்திலிருந்து எடுக்கும் சீரம். போத்தலை 37 பாகை செல்சியஸ் சூடும், 5 வீதம் காபனீரொட்சைட்டும், ஈரப்பதமும் உள்ள பெட்டிக்குள் வைப்பார்கள். கலங்கள் அடித்தளத்தில் ஒட்டிப் பிடித்துப் பெருகும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருக்கால் பழைய திரவத்தை எடுத்துப் புதியதை விட வேண்டும். இடம் நிரம்பிவிட்டால், உங்கள் நாற்றுமேடையில் நெருங்கி நிற்கும் மிளகாய்க் கன்றைப் பிடுங்கி ஐதாக நடுவீர்களே, அதே கதைதான். திரிப்சின் என்ற நொதியத்தை விட்டுக் கலங்களைக் கழற்றி, பங்கு போட்டு, புதுப் போத்தல்களில் விடுவார்கள். உடம்பின் சாதாரண கலங்கள் ஏறத்தாழ 50 தரம் பிரிந்ததும் நின்றுவிடும். லெனாட் ஹேபிளிக் என்ற ஆய்வாளர் 1961இல் அதைக் காட்டினார். புற்றுநோய்க் கலத்துக்கு அந்த நிறுத்தம் இல்லை.

நானும் பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில் இந்தக் கலங்களை வளர்த்தவன். ஒரு திங்கட்கிழமை காலை பெட்டியைத் திறந்தால் சிவப்பாய் இருக்க வேண்டிய திரவம் மஞ்சள். தூக்கிப் பிடித்துப் பார்த்தால் மோர் மாதிரிக் கலங்கல். வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அற்ககோல் தெளிக்காமல் போத்தலைப் பெட்டிக்குள் வைத்தவன் நான்தான். பற்றீரியா புகுந்து மூன்று கிழமை உழைப்பைத் தின்றுவிட்டது. எல்லாவற்றையும் குளோரின் விட்டு ஊற்றிவிட்டு, −196 பாகைத் திரவ நைதரசனில் உறைய வைத்திருந்த குப்பியொன்றை எடுத்து முதலிலிருந்து தொடங்கினேன். அன்றைக்கு அழுதேன். உங்கள் மகளுக்கும் இப்படி ஒரு திங்கட்கிழமை வரும். அதைத் தாங்குவாளா என்பதைத்தான் நீங்களும் நானும் யோசிக்க வேண்டும்.

அப்பம்மாவைத் தெல்லிப்பழை, மகரகமை புற்றுநோய் வைத்தியசாலைகளுக்கு ஏற்றி இறக்கின நாட்களில்தான் இந்த எண்ணம் வந்தது என்று அவள் என்னிடம் சொன்னாள். அவளுக்கு நான் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்து வளர்ந்த ஹென்ரியெற்றா லக்ஸ் என்ற கறுப்பினத் தாய், ஐந்து பிள்ளைகளை விட்டு, கருப்பைக் கழுத்துப் புற்றுநோயால் 1951இல் 31 வயதில் இறந்தார். அவரிடமிருந்து எடுத்த கலங்கள் இன்றைக்கும் உலகெங்கும் ஆய்வுகூடங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. 'ஹீலா' என்று பெயர். போலியோ தடுப்பூசி ஆராய்ச்சிக்கு உதவின. ஆனால் அந்தத் தாயிடம் அனுமதி கேட்கப்படவில்லை. குடும்பத்துக்கும் பல வருடங்களாகத் தெரியாது. இந்தத் துறைக்கு வரும் பிள்ளை முதலில் அந்தப் பெயரைத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். போத்தலில் இருப்பது யாரோ ஒருவரின் அம்மா.

மார்புப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் தமொக்சிபென் மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்பதை விளங்கிக்கொள்ளவும் இப்படி வளர்த்த கலங்கள் உதவின. அதே நேரம், போத்தலில் கலத்தைக் கொல்லும் மருந்துகளில் பெரும்பாலானவை ஆளுக்குப் பலிப்பதில்லை. தான் ஒரு மருந்து கண்டுபிடிக்கப் போவதாகப் பிள்ளை நினைத்திருந்தால் இதையும் இப்போதே கேட்கட்டும்.

வழிக்கு வருவோம். உயிரியல் பிரிவில் எடுத்த புள்ளி மருத்துவத்துக்குக் காணாது என்று மூன்றாம் தரமும் எழுதச் சொல்ல யோசிக்கிறீர்கள். அவள் கேட்டால் எழுதட்டும். நீங்கள் தள்ள வேண்டாம். வன்னி மாவட்டங்களுக்கு மாவட்ட ஒதுக்கீட்டோடு, பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 வீத ஒதுக்கீடும் உண்டு. ஆகவே கொழும்புப் பிள்ளையின் வெட்டுப்புள்ளியைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானப் பட்டத்தை விண்ணப்பத்தில் முதலில் போடச் சொல்வேன். வைத்தியசாலை வேலைக்கும் வழி, ஆராய்ச்சிக்கும் வழி. அடுத்ததாக உயிரியல் விஞ்ஞானம். பேராதனையில் மூலக்கூற்று உயிரியலில் சிறப்புப் பட்டமும் செய்யலாம். விவசாயம் கிடைத்தால் அதையும் தள்ளிவிடாதீர்கள். அந்தப் பீடம் உங்களுக்குக் கிட்ட, அறிவியல்நகரிலேயே இருக்கிறது. செடியின் சிறு துண்டைப் போத்தலில் வளர்க்கும் தாவர இழைய வளர்ப்பில் பழகும் சுத்தம் பின்னுக்கு மனிதக் கலத்துக்கும் உதவும். முதுமாணிக்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உயிர்இரசாயன, மூலக்கூற்று உயிரியல் நிறுவகம் இருக்கிறது. கலாநிதிப் பட்டத்துக்கு அநேகமாக வெளிநாடு போக வேண்டி வரும். எல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆகவே பல்கலைக்கழகம் தொடங்கும் வரை உள்ள மாதங்களை ஆங்கிலத்துக்குக் கொடுக்கட்டும். பணம் மெதுவாகத்தான் வரும். ஆராய்ச்சிப் பக்கம் போனால் முப்பது வயது வரை கைக்கும் வாய்க்குமாக இருக்கக்கூடும். கலியாணப் பேச்சை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதைக்கு ஒரு வேலை. உங்கள் மிளகாய் மேடையில் ஒரு முழத் துண்டை அவளிடம் கொடுங்கள். முப்பது நாள், ஒரே நேரத்தில் போய், கன்றுகளை எண்ணி, உயரம் அளந்து, வாடினது எத்தனை என்று கொப்பியில் எழுதட்டும். ஒரு நாள் தவறினால் தவறியது என்றே எழுத வேண்டும், இட்டுக்கட்டக் கூடாது. நீங்கள் கேட்கவும் வேண்டாம், ஞாபகப்படுத்தவும் வேண்டாம். விண்ணப்பம் நிரப்ப வரும்போது அந்தக் கொப்பியையும் கொண்டுவரச் சொல்லுங்கள். அன்றைக்கு நீங்கள் வெளியே வாங்கில் இருங்கள் அண்ணை. கேள்விகளை அவளே கேட்கட்டும்.