கடலோர மனையில் கண்ணாடி வீடு கட்டலாமா?

மரக்காணம் பக்கம், கடலிலிருந்து சுமார் 250 மீட்டர் தள்ளி 20 சென்ட் மனை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "வெளிநாட்டுத் தீவு வீடுகளைப் போல, கடலைப் பார்த்த சுவர் முழுக்கக் கண்ணாடி வைக்க ஆசை. முன்னால் இருக்கும் மணல்மேடு பார்வையை மறைக்கிறது, அதைச் சமன்படுத்திவிடலாமா?"

மணல்மேட்டைத் தொடவே தொடாதீர்கள். மேட்டைக் கரைப்பது கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையின்படி தடை. சட்டத்தை விடுங்கள், புயல் நாளில் அலைக்கும் உங்கள் வாசலுக்கும் நடுவே நிற்கப்போவது அதுதான். அடம்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் பிடித்து வைத்திருக்கும் மணல் அது. கொடியை அறுத்தால் மணல் வீட்டுக்குள் வரும். பார்வை வேண்டுமென்றால் தரைத்தளத்தை உயர்த்துங்கள், உட்காரும் இடத்தை மாடிக்குக் கொண்டுபோங்கள்.

அடுத்து கண்ணாடி. நம் கரையில் கடல் கிழக்கே. காலை வெயில் நேராக அந்தச் சுவரில் அடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையும் பெரும்பாலும் அதே பக்கமிருந்து சாய்ந்து அடிக்கும். 2011 டிசம்பரில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. உங்கள் மனை அங்கிருந்து தொலைவில் இல்லை. அமெரிக்காவில் ஃபாக்ஸ் ஆற்றங்கரையில் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ கட்டிய ஃபார்ன்ஸ்வொர்த் வீடு (1951) உலகப் புகழ் பெற்ற கண்ணாடி வீடு. வெள்ளத்துக்கு பயந்து தரையை ஐந்தடிக்கு மேல் தூக்கித்தான் கட்டினார்கள். அப்படியும் 1954லும் 1996லும் தண்ணீர் உள்ளே புகுந்தது. படத்தில் அது தெரியாது.

நான் பார்க்கச் சொல்வது கலிஃபோர்னியாவின் வடகரையில் 1960களில் உருவான ஸீ ரான்ச் குடியிருப்பு. நிலவடிவமைப்பாளர் லாரன்ஸ் ஹால்ப்ரின் முதலில் படித்தது காற்றைத்தான். பழைய சைப்ரஸ் மரவேலிகளை ஒட்டி வீடுகள், காற்றின் போக்குக்குச் சரிந்த கூரைகள், வண்ணம் பூசாமல் வெயிலிலும் உப்பிலும் சாம்பல் நிறமாக விட்ட மரச்சுவர்கள். வடிவத்தை அப்படியே எடுத்துவிடாதீர்கள். அங்கே கூரை சுவரோடு நின்றுவிடும், இறவாரம் கிடையாது. நம் வெயிலுக்கும் சாரலுக்கும் தாழ்வாரம் இல்லாமல் முடியாது. ஆனால் தாழ்வாரக் கூரையைப் பிரதானக் கூரையிலிருந்து பிரித்துக் கட்டுங்கள். புயல் பிய்த்தால் அது மட்டும் போகட்டும்.

சரி, காற்றை எப்படிப் படிப்பது? பக்கத்துக் குப்பத்துப் பெரியவர் யாரையாவது கேளுங்கள். கொண்டல் (கீழைக்காற்று) எப்போது, வாடை (வடகாற்று) எப்போது என்று எந்த மென்பொருளையும்விடத் தெளிவாகச் சொல்வார். கோடையில் மதியவாக்கில் கடற்காற்று கிழக்கே இருந்து நுழையும். அது வெளியேற மேற்கே உயரத்தில் ஜன்னல் வேண்டும். மேற்குச் சுவர் ஓரம் படிக்கட்டு, குளியலறை என வைத்தால் பிற்பகல் வெயில் அங்கேயே நின்றுவிடும். கடல் பக்கம் அகலமான ஒரே கண்ணாடிக்குப் பதில், நாலைந்து உயரமான திறப்புகள், வெளியே மரக் கதவு. புயல் அறிவிப்பு வந்தால் சாத்திவிடலாம். சவுக்கு, புன்னை ஏதாவது ஏற்கெனவே நின்றால் வெட்டாதீர்கள், அதை ஒட்டி வீட்டை வையுங்கள்.

செலவை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் கான்கிரீட். உப்புக் காற்று கம்பியைத் தின்னும். ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநிர்ணயம் கடலோரச் சூழலுக்குக் குறைந்தது எம்30 என்ற வலிமை ரகக் கான்கிரீட்டும், கம்பியை மூடி 45 மில்லிமீட்டர் கனத்துக்குக் கான்கிரீட்டும் கேட்கிறது. கொத்தனார் 25 மில்லிமீட்டர் போதும் என்பார், விடாதீர்கள். கடல் மணலும் உவர்நீரும் கலவைக்குள் போகவே கூடாது. இரும்பு கிரில் வேண்டாம். எவர்சில்வர் என்றால் 316 ரகம் என்று கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று, உண்மையில் முதலில் செய்ய வேண்டியது. கிராமப்புறக் கடற்கரைகளில் பெரும்பாலும் உயர் அலைக் கோட்டிலிருந்து (பெரிய ஓதத்தில் கடல்நீர் ஏறும் எல்லை) 200 மீட்டர் வரை புதிய கட்டடத்துக்குத் தடை, 200க்கு மேல் 500 வரை நிபந்தனையோடு அனுமதி: 9 மீட்டர் உயரம், தரைத்தளமும் ஒரு மாடியும். உங்கள் 250 எதிலிருந்து அளந்தது? மணலில் நின்று கண்ணால் பார்க்கும் தண்ணீரிலிருந்து என்றால் செல்லாது. அண்ணா பல்கலைக்கழகத் தொலையுணர்வு நிறுவனம் போன்ற அங்கீகாரம் பெற்ற அமைப்பு குறித்த கோடு வேண்டும். அந்த வரைபடம் கைக்கு வரும் வரை கட்டடக் கலைஞருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.