அப்பாவுக்கு சுகர் நரம்பா, இல்ல சிஐடிபி-யா? ஸ்கேன் அவசியமா?

கேள்வி: ஏற்காட்டுல இருந்து எழுதுறேன் டாக்டர். அப்பாவுக்கு 56 வயசு, காபி எஸ்டேட் வேலை, சுகர் இருக்கு. நாலு மாசமா ரெண்டு காலும் மரத்துப்போகுது, இப்ப தரையில உட்கார்ந்தா கை ஊனாம எந்திரிக்க முடியல. முதல்ல பார்த்தவர் சுகர் நரம்புன்னாரு. சேலத்துல நரம்பு டெஸ்ட் எடுத்துட்டு சிஐடிபி-யா இருக்கலாம், நரம்புக்கு அல்ட்ராசவுண்ட் எடுங்கன்றாங்க. எடுக்கணுமா?

பதில்: நீங்க சொன்னதுல என்னை உஷார்ப்படுத்துறது அந்த கை ஊனி எந்திரிக்கிறதுதாம்மா. சுகர் நரம்பு பெரும்பாலும் கால் விரல்ல எரிச்சலா ஆரம்பிச்சு வருஷக்கணக்குல மெதுவா மேல ஏறும், இவ்வளவு சீக்கிரம் தொடை பலம் போகாது. எட்டு வாரத்துக்கு மேல கூடிட்டே போற பலவீனம், தொடை தோள்லயும் சேர்ந்து வந்தா, சுத்தியல்ல தட்டுனா முட்டி துள்ளலன்னா, சிஐடிபி-ய தேடியே ஆகணும். இதுல நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே நரம்பு மேல இருக்கிற உறைய அரிச்சிடுது, ஒயர் மேல இன்சுலேஷன் போன மாதிரி.

நரம்பு டெஸ்ட்ல மணிக்கட்டுலயும் முழங்கையிலயும் சின்ன ஷாக் குடுத்து சிக்னல் எவ்வளவு வேகமா ஓடுதுன்னு பார்ப்பாங்க, கையில சாதாரணமா செகண்டுக்கு 50 மீட்டருக்கு மேல வரணும். சிஐடிபி-ல அது ரொம்ப குறையும், இல்லன்னா வழியிலேயே சிக்னல் அடைபட்டுடும். சுகர்ல பெரும்பாலும் வேகத்தை விட சிக்னலோட உயரம்தான் அதிகமா குறையும். இங்க ஒரு விஷயம், கை கால் குளிர்ந்திருந்தா நல்ல நரம்பும் மெதுவாத்தான் காட்டும். மார்கழி பனியில பைக்ல கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி வந்து உடனே படுத்தா ரிசல்ட்ட நம்ப முடியாது, உள்ளங்கை 33 டிகிரி, கணுக்கால் 30 டிகிரியாவது இருக்கணும், அதனால அன்னைக்கு சூடு பார்த்தாங்களான்னு கண்டிப்பா கேளுங்க.

டெஸ்ட்லயே தெளிவா தெரிஞ்சா ஸ்கேன் கட்டாயமில்ல. "இருக்கலாம்"னு நிக்கிறப்ப தாராளமா எடுக்கலாம், ஊசி இல்ல, ரேடியேஷன் இல்ல. கை நடுவுல ஓடுற மீடியன் நரம்போட குறுக்குவெட்டு அளவு முன்கையில 10 சதுர மில்லிமீட்டருக்கு மேல, மேல்கையில 13-க்கு மேல வீங்கியிருந்தா சிஐடிபி-க்கு பலம் சேருது, 2021 ஐரோப்பிய வழிகாட்டுதல்லயும் அப்படித்தான் இருக்கு. மணிக்கட்டுல மட்டும் தடிச்சிருந்தா கணக்குல எடுக்காதீங்க, சுகர்காரங்களுக்கு அங்க நரம்பு அமுங்குறது சகஜம். தொழுநோய், பரம்பரை நரம்பு நோய்லயும் நரம்பு தடிக்கும், ஸ்கேன் நார்மல்னா நோயே இல்லன்னும் ஆகிடாது.

இவ்வளவு வலியுறுத்துறது ஏன்னா இதுக்கு குடுக்கிற ஸ்டீராய்டு சுகரை ஏத்திடும், ஐவிஐஜி-ன்னு ரத்தக்குழாய்ல ஏத்துற எதிர்ப்புப் புரத மருந்து ரொம்ப செலவு, அதனால உறுதி பண்ணிட்டு குடுக்கணும், அதுக்காக மாசக்கணக்கா இழுத்தா நரம்பு உள்ளேயே கெட்டு பலம் திரும்பாம போயிடும். இந்த வாரமே ரிப்போர்ட்டோட அலை வரைபடத்தையும் எடுத்துட்டு நியூராலஜி ஓபி-ல காட்டுங்க, ரத்தத்துல வழக்கத்துக்கு மாறான புரதம் இருக்கான்னு தேடுற புரோட்டீன் எலக்ட்ரோபோரெசிஸ் டெஸ்ட் பார்க்கணுமான்னும் கேளுங்க. மூச்சு வாங்குனாலோ, விழுங்க கஷ்டமா இருந்தாலோ, ஓபி-க்கு காத்திருக்காம ராத்திரியானாலும் 108-ஐ கூப்பிட்டு சேலம் ஜி.ஹெச் எமர்ஜென்சிக்கு கூட்டிட்டு போயிடுங்க.