கொலாஜனை அறுக்கும் நொதிகள்: கேள்வி பதில்

வீரவநல்லூர், கல்லூரி மாணவி: கணையத்தில் சுரக்கும் டிரிப்சின் என்ற செரிமான நொதி புரதங்களை வெட்டும் என்று படித்தேன். கொலாஜனை மட்டும் ஏன் விட்டுவிடுகிறது?

விரிவாகவே சொல்ல வேண்டிய கேள்வி இது. கொலாஜன் என்பது தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் புரதம்; மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறு. ஒவ்வோர் இழையிலும் மூன்றாவது இடந்தோறும் கிளைசின் என்ற சிறிய அமினோ அமிலம் அமர்ந்திருக்கும். மூவிழை அமைப்பை 1954-இல் சென்னையிலிருந்து ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்தார்கள் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். டிரிப்சினில் வெட்டு நடக்கும் பள்ளத்தில் ஒற்றை இழைதான் நுழையும். ஆகவே அது கயிற்றின் முனையில் முறுக்கின்றி நீண்டிருக்கும் துண்டுகளை மட்டும் நறுக்கிவிட்டு நின்றுவிடும்.

முறுக்கிய கயிற்றையே அறுக்க வல்லது கொலாஜினேஸ் என்ற நொதி. 1962-இல் ஜெரோம் கிராஸும் சார்லஸ் லப்பியேரும் அதைத் தலைப்பிரட்டையின் வாலில் கண்டார்கள். தவளையாகும்போது அந்த வால் சுருங்கி மறைவதை நம் வயல் வாய்க்கால்களில் பார்த்திருப்பீர்கள். வால் துணுக்குகளை வெண்மையாக உறைந்த கொலாஜன் கூழின்மேல் வைத்தபோது, துணுக்கைச் சுற்றியிருந்த கூழ் கரைந்து தெளிந்தது. துத்தநாகத்தை நடுவில் கொண்ட அந்த நொதி, கயிற்றை ஓரிடத்தில் சற்றே அவிழ்த்து, முக்கால் பங்கும் கால் பங்குமாக அறுக்கிறது. அத்துண்டுகள் உடற்சூட்டில் தாமே பிரிந்துவிட, மற்ற நொதிகள் மீதியை முடிக்கின்றன.

அம்பாசமுத்திரம்: கறி வேகப் பப்பாளிக்காய் போடுவதும் இதுதானா?

அது தாவர நொதி. பக்குவத்தைச் சமையல் அறிந்தவர்களிடம் கேளுங்கள்.

தென்காசி: ஆட்டுக்கால் சூப்பிலுள்ள கொலாஜன் முழங்காலுக்குப் போய்ச் சேருமா?

கொதித்தபின் அது கொலாஜன் அன்று, ஜெலட்டின். முறுக்கு அவிழ்ந்ததால் குடல் நொதிகள் அதை எளிதில் வெட்டிவிடும். நல்ல உணவுதான், ஆனால் கால் காலுக்கே போகும் என்று எண்ண வேண்டாம்.

களக்காடு: கொலாஜன் பொடி வாங்கலாமா?

தென்காசி அன்பருக்குச் சொன்னதே. அதுவும் அவிழ்த்து நறுக்கப்பட்ட ஜெலட்டின்தான்.

பேட்டை: மாட்டுக்கால் சூப்?

மூன்றாம் முறையாகச் சொல்கிறேன்: வெந்தது ஜெலட்டின்.

மேலப்பாளையம்: ஐயா சொல்வதை ஏற்க முடியவில்லை. என் பாட்டனார் திண்டுக்கல் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், வேலை பார்த்தவர். கணையப் பொடி போட்டுத்தான் தோலை மிருதுவாக்குவார்களாம். கணையத்தில் இருப்பது டிரிப்சின்தானே? அது கொலாஜனை வெட்டாவிட்டால் தோல் எப்படி மிருதுவாகும்?

பாட்டனார் சொன்னதும் உண்மை, நான் சொன்னதும் உண்மை. கொலாஜன் நார்களுக்கு இடையில் பசைபோல் அடைந்திருக்கும் வேறு புரதங்களையும் மயிர்வேரின் மிச்சத்தையும் கணைய நொதி கரைக்கிறது. நார்கள் நெகிழ்கின்றன, அறுவதில்லை. முன்பு இதற்கு நாய்ச்சாணமும் புறா எச்சமும் பயன்பட்டன. 1908 அளவில் ஜெர்மன் வேதியியலாளர் ஓட்டோ ரோம் கணையச் சாற்றைக் கொண்டுவந்தார்.

மேலப்பாளையம்: தொட்டி நீர் சூடேறினால் தோல் கெட்டுவிடும் என்பாரே?

கெடத்தான் செய்யும். சுண்ணாம்பில் ஊறிய தோலின் கொலாஜன் சூட்டை அதிகம் தாங்காது. முறுக்கு அவிழத் தொடங்கிய இடத்தில், அதுவரை தொடாமல் விட்ட அதே டிரிப்சின் வெட்டத் தொடங்கிவிடும்.